இன்னொரு குளிர்காலம் எங்களால் முடியாது: செயின்ட் கில்டா தீவு காலியான கதை

ஊர் பிடிக்கவில்லை என்று சொல்பவரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள், ஒரு பட்டியல் வரும். தண்ணீர் உப்பு. பஸ் ஒழுங்காக வராது. நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பிய புதிதில் நானும் இந்தப் பட்டியலைப் பலரிடம் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அதே உப்புத் தண்ணீரைத்தான் என் தாத்தாவும் குடித்தார். அதே நாற்பது கிலோமீட்டரை வண்டி கட்டிக்கொண்டு போனார். ஊரை விட வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவருக்குப் பிடித்த ஊர் எனக்கு ஏன் பிடிக்காமல் போனது? இந்தக் கேள்விக்கு ஒரு தனி மனிதரை வைத்துப் பதில் தேடினால் ஆளுக்கொரு கதைதான் கிடைக்கும். ஓர் ஊரே உட்கார்ந்து பேசி, "எங்களை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அரசுக்கு மனுப் போட்ட நிகழ்வு ஒன்று இருக்கிறது. வெள்ளமோ எரிமலையோ போரோ அவர்களைத் துரத்தவில்லை. 1930-ஆம் ஆண்டு செயின்ட் கில்டா தீவில் நடந்தது அது.

தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹெப்ரிடீஸ் தீவுகள் உள்ளன. அவற்றுக்கும் மேற்கே, வட யூயிஸ்ட் தீவிலிருந்து ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலுக்குள் தனியாகக் கிடக்கிறது செயின்ட் கில்டா. ஹிர்டா, சோய், போரரே, டூன் என்று சில தீவுகளும் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பிய சில பாறைகளும் சேர்ந்த கூட்டம் அது. நிரந்தரமாக மனிதர்கள் குடியிருந்தது ஹிர்டாவில் மட்டும். நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். கோனகர் என்ற மலை 430 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கம் அப்படியே வெட்டிவிட்டாற்போலக் கடலில் இறங்குகிறது. தீவில் ஒரு மரம்கூடக் கிடையாது. (கில்டா என்ற பெயரில் புனிதர் எவரும் இருந்ததில்லை என்பது ஒரு வேடிக்கை. பழைய பெயர் எதையோ யாரோ தப்பாகப் படித்து, வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள்.)

இங்கே குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகள் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பேச்சு ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக். 1697-இல் மார்ட்டின் மார்ட்டின் என்ற பயணி வந்து பார்த்தபோது 180 பேர் இருந்ததாக எழுதுகிறார். கொஞ்சம் பார்லி, கொஞ்சம் ஓட்ஸ், செம்மறி ஆடுகள், சில மாடுகள். ஆனால் உண்மையில் அவர்களுக்குச் சோறு போட்டவை கடற்பறவைகள். ஃபுல்மார், கேனட், பஃபின் ஆகிய மூன்றும்தான் அவர்களுடைய நெல்லும் எண்ணெயும் காசும். ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டி மலைமுகட்டிலிருந்து தொங்கி இறங்கிப் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வருவார்கள். கறியை உப்பிட்டும், காற்றில் உலர்த்தியும் வைத்துக்கொள்வார்கள். உலர்த்துவதற்கும் சேமிப்பதற்கும் கல்லால் கட்டிய சிறு குடில்கள் தீவு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஃபுல்மாரின் வயிற்று எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும் ஆனது. இறகு வாடகைக்குப் போனது. தீவு மெக்லியோட் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களுடைய காரியஸ்தர் ஆண்டுக்கொரு முறை படகில் வந்து இறகும் எண்ணெயும் கம்பளித் துணியும் தானியமுமாக வாடகையை ஏற்றிக்கொண்டு போவார்.

காலையில் ஆண்கள் எல்லாரும் தெருவில் கூடுவார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. இன்றைக்குக் கயிற்று வேலையா, ஆட்டு வேலையா, படகை இறக்கலாமா என்று பேசி முடிவெடுப்பார்கள். சில நாள் பேச்சே வேலையாகிவிடுமாம். இந்தக் கூட்டத்துக்கு வெளியார் வைத்த பெயர் 'பாராளுமன்றம்'. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அடுப்பெரிக்க வெட்டிய புல்மண்கட்டியிலிருந்து பறவை மூட்டை வரை முதுகில் சுமந்தது பெரும்பாலும் அவர்கள்தான்.

மோசமான காலத்தில் யாரும் போகவில்லை

ஒரு வேலைகூட ஒற்றை ஆளால் ஆகாது. இந்த நிகழ்வுக்கு அதுதான் சாவி என்று நினைக்கிறேன். கயிற்றில் ஒருவர் இறங்கினால் மேலே பிடிக்க ஆள் வேண்டும். படகைக் கடலில் தள்ளவும், அலை அடிக்கும் பாறையில் மறுபடி இழுத்து ஏற்றவும் ஒரு கூட்டமே வேண்டும். படகுத்துறை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1727-இல் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறையில் இறக்கிவிடப்பட்டார்கள். சில நாளில் படகு வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வரவில்லை. இதற்குள் ஹிர்டாவில் பெரியம்மை புகுந்து, பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள். படகு இருந்தது, துடுப்புப் போட ஆள் இல்லை. அந்தப் பதினொரு பேரும் பறவைக் கறியும் மீனும் தின்று அந்தப் பாறையிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காரியஸ்தரின் படகு வந்துதான் அவர்களை மீட்டது. பதினொரு பேரும் உயிரோடு இருந்தார்கள். திரும்பி வந்தபோது ஊர்தான் இல்லை. அப்புறம் ஹாரிஸ் தீவிலிருந்து புதிய குடும்பங்களைக் கொண்டுவந்து ஊரை நிரப்பினார்கள்.

கவனியுங்கள், அப்போதும் தீவைக் கைவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு கொடுமை. பிறந்த குழந்தைகளில் பல எட்டு நாள் தாண்டவில்லை. பிறந்து நாலைந்து நாளில் தாய்ப்பால் குடிக்காது, தாடை இறுகும், இழுப்பு வரும், போய்விடும். தொப்புள்கொடி வழியாகத் தொற்றும் டெட்டனஸ் அது. பறவை எண்ணெயைக் கொடியில் தடவும் வழக்கமே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. பிறந்தவற்றில் பாதிக்கும் மேல் இறந்த ஆண்டுகள் இருந்தன. பிரசவத்துக்கு முன்பே தொட்டில் துணி தைக்க மாட்டார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். 1890-களில் ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற போதகர் மருத்துவம் கற்று வந்து, பிரசவத்தில் சுத்தத்தை வற்புறுத்தி, இந்தச் சாவை நிறுத்தினார்.

ஆக, வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரியம்மை, குழந்தைச் சாவு எல்லாம் 1900-க்கு முந்தியவை. 1860-களில் பதினாறு புதிய வீடுகள் ஒரே தெருவாகக் கட்டப்பட்டன. கூரைக்குத் துத்தநாகத் தகடு. பிறகு தபால் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, செவிலியர் வந்தார். 1913-இல் கம்பியில்லாத் தந்திகூட வந்தது. 1930-இல் ஊரை விட்டுக் கிளம்பியவர்கள், தங்கள் தாத்தா பாட்டியைவிட எல்லா விதத்திலும் வசதியாக இருந்தவர்கள். மோசமாக இருந்த காலத்தில் இருந்தார்கள். தேறிய பிறகு போனார்கள். பட்டியல் போட்டு ஊரை எடைபோடுகிறவர்களுக்கு இது விளங்காது.

முதலில் போன முப்பத்தாறு பேர்

1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஊரில் மூன்றில் ஒரு பங்கு அது. வழியில் நோய் பரவி, ஏறத்தாழ பாதிப் பேர் மெல்போர்ன் பக்கம் கரை சேராமலே போனார்கள். (மெல்போர்னில் செயின்ட் கில்டா என்று ஒரு பகுதி இருக்கிறது. அது இவர்களால் வந்த பெயரல்ல. 'லேடி ஆஃப் செயின்ட் கில்டா' என்ற பாய்மரக் கப்பலால் அதற்கு முன்பே வந்தது.)

அந்தப் பயணத்தில் பட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஊருக்கு அதைவிடப் பெரிய அடி பின்னால் தெரிந்தது. நூற்றுப் பத்துப் பேருக்குப் பங்கிட்ட வேலையை எழுபத்தைந்து பேர் செய்ய வேண்டியதாயிற்று. குழந்தைகளும் தங்காத காலம். ஒருமுறை சரிந்த எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

கப்பலில் வந்த கண்கள்

1870-களின் பிற்பகுதியிலிருந்து கோடையில் நீராவிக் கப்பல்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்காக வரத் தொடங்கின. வந்தவர்கள் கம்பளித் துணியும் முட்டையும் வாங்கினார்கள். தீவுக்காரர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். காசு என்பது அப்போதுதான் தீவுக்குள் தாராளமாகப் புழங்கத் தொடங்கியது. கூடவே சளியும் வந்தது. வெளியார் படகு வந்துபோனால் ஊர் முழுக்க இருமல் பிடிக்கும். அதற்கு 'அந்நியர் இருமல்' என்றே அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருந்தது.

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது சளியை அல்ல, பார்வையை. அதுவரை அவர்களுக்குப் பறவைக் கறி என்பது உணவு. பட்டணத்துப் பெண்மணி ஒருத்தி மூக்கைச் சுளித்த அன்றைக்கு அது 'பறவைக் கறி' ஆகிறது. தன் ஊரை வெளியூர்க்காரன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு பழைய கண் திரும்புவதில்லை. சொந்தக்காரர் பட்டணத்திலிருந்து பொங்கலுக்கு வந்து, "இன்னுமா இங்கே கொல்லைக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போன வீடுகள் நம் பக்கத்திலும் எத்தனை!

மதத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1865 முதல் 1889 வரை இருந்த ஜான் மெக்கே என்ற போதகர் கடும் பிடிவாதக்காரர். ஞாயிறு என்றால் மணிக்கணக்கில் மூன்று வழிபாடுகள்; குழந்தைகள் விளையாடக் கூடாது. ஊர் பசியில் இருந்த ஒரு சமயம் சனிக்கிழமையன்று உணவுக் கப்பல் வந்து நின்றது. நாளைய வழிபாட்டுக்கு இன்றே தயாராக வேண்டும் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமைதான் சாமான் இறங்கியது. இவரால்தான் ஊர் அழிந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது மிகை என்று தோன்றுகிறது. அவர் போய் நாற்பது ஆண்டு கழித்தல்லவா ஊர் காலியானது?

போர் பழக்கிவிட்ட பழக்கம்

1914-இல் போர் வந்தபோது கடற்படைக்காரர்கள் சிலர் தீவில் வந்து தங்கினார்கள். கண்காணிப்பு வேலை. 1918 மே 15 அன்று ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கரைக்கு வந்து, முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, தந்தி நிலையத்தைச் சுட்டுத் தகர்த்தது. தேவாலயமும் சில வீடுகளும் அடிபட்டன. மனிதர் யாருக்கும் ஒன்றுமில்லை, ஓர் ஆட்டுக்குட்டிதான் செத்தது என்பார்கள். அதன் பிறகு அரசு ஒரு பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து நிறுவியது. எதிரியை நோக்கி ஒருமுறையும் அது சுடவில்லை. இன்றும் அங்கேயே நிற்கிறது.

சண்டையைவிட அது கொண்டுவந்த ஒழுங்குதான் தீவை மாற்றியது. கடற்படைக்காக உணவும் தபாலும் தவறாமல் வந்தன. தீவு ஆண்களுக்குச் சம்பள வேலை கிடைத்தது. நான்கு ஆண்டுகள் இப்படி. போர் முடிந்ததும் கடற்படை போயிற்று, அதோடு எல்லாம் நின்றது. குளிர்காலத்தில் மறுபடி மாதக்கணக்கில் யாரும் வராத தீவு. இல்லாதபோது தாங்கியதை, இருந்து இழந்த பிறகு தாங்குவது வேறு.

இளைஞர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். 1920-இல் 73 பேர். 1928-இல் 37. எட்டே ஆண்டில் பாதி. இடையே 1926-இல் இன்ஃபுளுவென்சா நான்கு ஆண்களைக் கொண்டுபோனது. விளைச்சலும் பொய்த்தது.

நாலு பேர் தோள்

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பதினேழு வீடுகள். இப்போது இரவில் விளக்கு எரிவது ஆறில். மூன்று வருஷம் முன்பு எதிர்வீட்டுப் பெரியப்பா இறந்தபோது பாடை தூக்க நாலு தோள் உள்ளூரில் தேறவில்லை. டவுனிலிருந்து வண்டியும் ஆளும் வரும்வரை காத்திருந்தோம். அன்று இரவு பெரியம்மா என் அம்மாவிடம் சொன்னார்: "இனிமே இங்க நான் எதுக்குடி?" அவருக்கு ஊர் பிடிக்காமல் போன நாள் அதுதான். தண்ணீரும் பஸ்ஸும் அதற்கு முந்தின நாள் வரை இருந்த மாதிரிதான் இருந்தன.

1930-இல் செயின்ட் கில்டாவில் நடந்ததும் இதே கணக்கு. ஜனவரியில் கர்ப்பிணியான ஓர் இளம்பெண் கடுமையாக நோயுற்றார். உடனே கொண்டுபோகக் கப்பல் இல்லை. கடைசியில் கிளாஸ்கோ மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றும் பிழைக்கவில்லை. குடல்வால் அழற்சி என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். உண்மையில் அங்கே அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார் என்பதும், தாயும் சேயும் இறந்தார்கள் என்பதும் அறுபது ஆண்டு கழித்துத்தான் அவருடைய மகனுக்குத் தெரிந்தது. தீவு காலியானதற்கு இந்தச் சாவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது கடைசித் துரும்பு. வண்டி ஏற்கனவே அச்சு முறியும் பாரத்தில் இருந்தது.

அப்போது தீவில் இருந்த செவிலியர் வில்லியமினா பார்க்லே. நிலைமையைப் பார்த்து, போய்விடலாமே என்ற பேச்சை ஊருக்குள் எடுத்தவர் அவர் என்பார்கள். மனு எழுத அங்கிருந்த மிஷனரி உதவினார். அதனால், தீவுக்காரர்கள் தாமாக முடிவெடுத்தார்களா, வெளியார் இருவர் முடிவெடுக்க வைத்தார்களா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். முதியவர்களில் சிலருக்கு மனமில்லை என்பது உண்மை. ஆனால் மனுவைப் படித்தால், அது வெளியார் மூளையில் மட்டும் உதித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மனு

தேதி 1930 மே 10. கையெழுத்திட்டவர்கள் 20 பேர். பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியது. சுருக்கமாக அது சொல்வது இவ்வளவுதான். சில ஆண்டுகளாக உழைக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது மொத்தமே 36 பேர். இவர்களில் சில ஆண்கள் வேலை தேடி வெளியே போக முடிவுசெய்துவிட்டார்கள். ஆடு மேய்ப்பதும், நெசவும், விதவைகளைக் கவனிப்பதும் அவர்கள்தான். அவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் இன்னொரு குளிர்காலத்தை இங்கே கழிக்க முடியாது. எனவே இந்த ஆண்டே எங்கள் எல்லாரையும் கொண்டுபோய், பெருநிலத்தில் வீடும் வேலையும் தேடித் தாருங்கள்.

இதில் காற்றைப் பற்றி ஒரு புகார் இல்லை. குளிரைப் பற்றி இல்லை. மருத்துவர் வேண்டும், கப்பல் விடுங்கள் என்ற கோரிக்கையும் இல்லை. முழுக்க முழுக்க ஆள் கணக்கு. 'அவர்கள் போகிறார்கள், அதனால் நாங்கள் இருக்க முடியாது.' போக வேண்டும் என்று உண்மையில் ஆசைப்பட்டவர்கள் சில இளைஞர்கள் மட்டுமே. மற்றவர்களுக்கு அது விருப்பமே அல்ல, வேறு வழியின்மை. ஆனால் தாளில் எல்லாருடைய கையெழுத்தும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. குடும்பங்களில் நடப்பதும் இதுதானே? பையனுக்கு ஊர் பிடிக்கவில்லை, பையன் இல்லாத ஊர் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கேட்பவரிடம் "எங்களுக்கு ஊர் பிடிக்கலை" என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

மனுவில் இன்னொரு வரி உண்டு. அதை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். தங்களைத் தனிச் சமூகமாக ஒரே இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று தாங்கள் கேட்கவில்லை என்கிறார்கள். பிழைக்க வழியிருந்தால் போதும் என்ற பணிவா, சேர்ந்திருந்து அலுத்துப்போன களைப்பா, அரசுக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்ற தயக்கமா? என்னவாக இருந்தாலும், காலையில் தெருவில் கூடிப் பேசியே நாளைத் தொடங்கிய ஒரு ஊர், அந்தத் தெருவை எழுத்தில் விட்டுக்கொடுத்தது. பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஒரு வரியின் வட்டி.

அரசு ஒப்புக்கொண்டது. ஸ்காட்லாந்து விவகாரத் துணை அமைச்சர் டாம் ஜான்ஸ்டன் நேரிலேயே போய்ப் பார்த்தார். ஒரு செவிலியரையும் தபாலையும் ஆண்டாண்டுக்கும் பராமரிப்பதைவிட, ஒரே தடவையில் 36 பேரை இடம் மாற்றுவது அரசுக்குச் சிக்கனம். அந்தக் கணக்கு அதிகாரிகளை உறுத்தியதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

செம்மறி ஆடுகளும் மாடுகளும் முதலில் போயின. ஆடுகளை விற்ற பணம் இடமாற்றச் செலவுக்கு. நாய்களைக் கொண்டுபோக வழியில்லை. கழுத்தில் கல்லைக் கட்டி விரிகுடாவில் மூழ்கடித்தார்கள். இதை எழுதிய எல்லாருமே ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படியே கடக்கிறேன்.

1930 ஆகஸ்ட் 29 காலை, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் சிறு குவியலாக ஓட்ஸ் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறும் கதையான யாத்திராகமம் திறந்திருந்ததாகச் சொல்கிறார்கள். 'ஹேர்பெல்' என்ற கடற்படைக் கப்பலில் 36 பேரும் ஏறினார்கள். 1852-இல் போனவர்களும் 36 பேர் என்பது தற்செயல்தான்; ஆனால் கணக்குப் போடுகிறவனுக்கு அந்த எண் ஒரு நிமிஷம் கையைக் கட்டிப்போடுகிறது.

போன இடம்

பெரும்பாலோரை ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் மார்வெர்ன் என்ற பகுதியில், லாக்கலைன் பக்கம் குடிவைத்தார்கள். ஆண்களுக்கு வனத்துறையில் வேலை. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு மரம் நடும் வேலை! இதைக் கேலி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மரம் பிடிக்காதவன் உலகில் இல்லை. கயிற்றில் தொங்கிப் பழகியவனுக்கு மண்வெட்டி கஷ்டமில்லை. மாதம் பிறந்தால் கூலி வந்தது.

கஷ்டம் வீடுகளில் இருந்தது. தீவில் பதினாறு வீடும் ஒரே தெரு. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். இங்கே வீடுகள் தள்ளித் தள்ளி, சில குடும்பங்களுக்கிடையே மைல் கணக்கில் தூரம். இளையவர்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள்: பள்ளி, கடை, நடனம், கல்யாணம். முதியவர்களுக்குத்தான் பகல் நீண்டது. தீவில் கிழவிக்கும் ஒரு வேலை இருந்தது: இறகு பிய்க்கலாம், நூல் நூற்கலாம், கிணற்றடியில் நின்று நாலு பேரைத் திட்டலாம். இங்கே வாடகையும் கடைக்கணக்கும் மட்டும். ஆண்டுகள் போகப்போக அவர்களும் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினார்கள். தனிச் சமூகமாக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்களே.

1931-இல் தீவை ஒரு பிரபு விலைக்கு வாங்கினார். பறவை பார்க்கும் ஆர்வக்காரர். 1930-களில் கோடைதோறும் அவர் தீவுக்குப் போனபோது, பழைய தீவுக்காரர்கள் சிலரும் கூடவே போய், தங்கள் பழைய வீடுகளில் சில வாரம் தங்கினார்கள். கோடையில் மட்டும். குளிர்காலத்துக்கு முன் இறங்கிவந்துவிடுவார்கள். சொந்த ஊரோடு நம்மில் பலருக்கும் இன்று இருப்பது இதே ஏற்பாடுதான்: கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள், மாம்பழ சீசனுக்கு ஒரு வாரம்.

எதிர்ச் சான்று ஒன்று

இந்த ஆய்வைப் படிக்கிறவர், "அப்படியானால் ஒதுங்கிய தீவுகள் எல்லாம் என்றாவது காலியாகத்தான் வேண்டும்" என்று நினைத்துவிடலாம். தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்யா என்ற தீவு இருக்கிறது. செயின்ட் கில்டாவைவிடப் பல மடங்கு ஒதுக்குப்புறம். 1961 அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்தது. இருநூற்றுச் சொச்சம் பேரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட்டில் பழைய விமானப்படை முகாமில் தங்கவைத்தார்கள். வேலை, டிவி, கடை, மருத்துவர் எல்லாம் கிடைத்தன. ஓராண்டு கழித்து, திரும்பலாமா என்று வாக்கெடுப்பு. திரும்ப வேண்டும் என்றவர்கள் 148 பேர். வேண்டாம் என்றவர்கள் 5 பேர். 1963-இல் திரும்பினார்கள். எரிமலைக் குழம்பு அவர்களுடைய மீன் தொழிற்சாலையையே விழுங்கியிருந்தது, ஆனாலும் திரும்பினார்கள்.

இரண்டு தீவுக்கும் என்ன வித்தியாசம்? டிரிஸ்டன்காரர்கள் மொத்த ஊராக வந்தார்கள், ஒரே முகாமில் மொத்த ஊராக இருந்தார்கள், ஏறத்தாழ மொத்த ஊராகத் திரும்பினார்கள். படகு தள்ளும் கைகள் பெரிதாகக் குறையவில்லை. செயின்ட் கில்டாவில் ஊர் போனது 1930-இல் அல்ல. ஒவ்வொரு இளைஞனாக, ஒவ்வொரு கோடைக் கப்பலிலும், பத்தாண்டாகப் போய்க்கொண்டே இருந்தது. ஹேர்பெல் ஏற்றிக்கொண்டு போனது மிச்சத்தை.

எனவே ஊர் மாறலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால், தண்ணீரையும் பஸ்ஸையும் பற்றி நான் இப்போது கேட்பதில்லை. உங்கள் தெருவில் அடுத்த வருஷம் யார் யார் இருப்பார்கள் என்று கேட்கிறேன். போகிற ஊரிலும் அதையே கேட்கச் சொல்கிறேன். பெரும்பாலும் முதல் கேள்விக்கு உடனே பதில் வரும், இரண்டாவதற்கு வராது.

இன்று

தீவு 1957 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் இருக்கிறது. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூரையில்லாத வீடுகள் சிலவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். சோய் இனச் செம்மறிகள் காட்டு ஆடுகளாகத் தெருவில் திரிகின்றன. விஞ்ஞானிகள் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1930-இல் எட்டு வயதுச் சிறுமியாகக் கப்பல் ஏறியவர், தீவில் பிறந்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர், 2016-இல் தன் 93-ஆவது வயதில் இறந்தார்.

ஊர் காலியாகி 27 ஆண்டு கழித்து, அதே 1957-இல், ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க ராணுவம் ஹிர்டாவில் ரேடார் நிலையம் அமைத்தது. மலைமேல் சாலை போட்டார்கள். மின்சாரம் வந்தது. ஹெலிகாப்டர் இறங்க இடம் ஒதுக்கினார்கள். அங்கே முறைவைத்து ஆட்கள் போய் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள், குளிர்காலத்திலும்.